அரிசிக்குள் இருந்த இரத்தக்கல்

தோட்டத்துக் கேட்டில் காவல் நின்ற கோப்பரல் புகையிலை டப்பாவைத் திறந்தார். உள்ளே மஞ்சள் தடவிய பச்சரிசி. அதன் நடுவில், பாதி புதைந்து, கரும்பச்சையாக ஒரு கல்.

அவர் கல்லைப் பார்க்கவில்லை. அரிசியைத்தான் பார்த்தார்.

"பெராஸ்," என்றார்.

மலாய் தெரியாதவனுக்கும் மலாயாவின் அவசரகாலத்தில் அந்த ஒரு சொல் தெரியும். அரிசி. தோட்டத்து முள்கம்பி வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசி போகக் கூடாது. போனால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுத்ததாக ஆகும். அப்படிப் பிடிபட்டவர்கள் எங்கே கொண்டுபோகப்பட்டார்கள், எப்போது வந்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

டப்பா என் சைக்கிள் கூடையில் இருந்தது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்குப் பின்னால் காதர் பாய். வெயில் ஏறிவிட்டிருந்தது. ரப்பர்ப் பாலை எடை போட்டுவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள், காலி வாளிகளுடன் கேட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். உறைந்த கித்தாப் பாலின் புளித்த வாடை. யாருடைய வாளியிலோ கைப்பிடி கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். அந்த டப்பாவுக்குள் ஒரு கல்யாணம் இருந்தது.

நீ மிதி, நான் பேசறேன்

போன வாரம் எழுதியதை, மூவார் பலகை ஆலையில் எனக்கு வேலை போனதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு மலாக்காவுக்கு வந்தேன். லாரியில் பாதி, நடையில் பாதி. டவுனில் ஒரு துணிக்கடையின் முன்னால், கூரையுள்ள ஐந்தடி நடைபாதையில் சில நாள் படுத்திருந்தேன். மழை வந்தால் சாரல் அடிக்கும், அவ்வளவுதான். இடம் மோசமில்லை.

அந்தக் கடைக்காரரின் மருமகன்தான் காதர் பாய். என்னைவிடச் சில வயது மூத்தவர். கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து மோதிரக் கற்கள் விற்றுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. துணி வாங்க வருகிற பெண்களைக் கல்லைக் காட்டி நிறுத்திவைத்து விடுகிறான் என்று தினமும் சண்டை.

ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"சைக்கிள் மிதிப்பியா?"

"மிதிப்பேன்."

"ஏத்தத்துல?"

"ஏத்தத்துல இறங்கித் தள்ளுவேன்."

"போதும். நீ மிதி, நான் பேசறேன்."

அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். அவருக்கு முட்டியில் வலி. எனக்குக் கல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது செருப்பில்லாத காலில் குத்தும் என்பதுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வேறென்ன தெரியும்?

மேற்கே கோலா சுங்கை பாரு, கிழக்கே செர்காம், நடுவில் இருக்கிற தோட்டங்கள், கம்போங் என்கிற மலாய்க் கிராமங்கள் எல்லாம் எங்கள் எல்லை. பின்னால் கேரியரில் பாய், அவர் மடியில் பெட்டி. சாலைத் தடுப்புகளில் இறங்கி ஐசி, அதாவது அடையாள அட்டை, காட்டுவோம். ஊரடங்கு தொடங்குவதற்குள் எங்கேயாவது ஒரு கூரைக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர முடியாத நாட்களும் உண்டு. அதை வேறொரு சமயம் எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். வயிறு எப்போதும் பாதிதான் நிறையும். ஆனால் தினமும் ஒரு புது ஊர்.

பச்சைக்குள் சிவப்பு

பெட்டியில் பல கற்கள் இருந்தாலும் அதிகம் போனது இரத்தக்கல்தான். மலாய்க்காரர்கள் 'பத்து டாரா' என்பார்கள். அதுவும் இரத்தக்கல் என்றே பொருள். பாய் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர் சொல்வார்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மழையில் நனைந்த மங்குஸ்தான் இலை என்ன பச்சையோ, அந்தப் பச்சை. அதில் மிளகாய் அரைக்கும்போது சுவரில் தெறிக்குமே, அப்படிச் சிவப்புப் புள்ளிகள். புள்ளி குறைவாகவும் தெளிவாகவும் இருந்தால் நல்ல கல். புள்ளிகள் கலங்கிப் பழுப்பாக ஓடியிருந்தால் மட்டம்.

கண்ணாடி போல் வெளிச்சம் விடாது. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சை தெரியும். பளபளப்பு கூடக் கண்ணாடிப் பளபளப்பு இல்லை. மெழுகு தேய்த்த மரம் போல அடங்கிய மினுக்கு. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். சூடேற நேரம் எடுக்கும். கண்ணாடியில் செய்த போலிக்கல் உள்ளங்கையில் சீக்கிரம் சூடாகிவிடும்.

இன்னொரு போலியும் உண்டு. பச்சைக் கல்லில் சாயம் தொட்டுப் புள்ளி வைத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் புள்ளி துணிக்கு வந்துவிடும்.

கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து கல்லின் மேல் சாம்பல் கோடாக ஒட்டும். துடைத்தால் போய்விடும். இந்த வித்தையை பால்வெட்டுக்காரர்கள் ரொம்ப ரசிப்பார்கள். தங்கள் கத்தியையே கொண்டுவந்து கீறிப் பார்ப்பார்கள்.

மங்கிய கல்லுக்கு மெருகேற்றுவது என் வேலை. முற்றிய மூங்கிலைப் பிளந்து, அதன் தோல் பக்கத்தில் கல்லை வைத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு மலாய்க்காரர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சாலையோரம் மர நிழலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

அந்தச் சிவப்பு இரும்புத் துரு என்று பல வருடம் கழித்து ஒரு வாத்தியார் சொன்னார். எனக்கு ஒன்றும் வருத்தமாக இல்லை. நம் ரத்தத்திலும் இரும்புதான் இருக்கிறதாம்.

யார் வாங்கினார்கள்

ரத்தம் சிந்தும் வேலை செய்கிறவர்கள் வாங்கினார்கள். பால் வெட்டுகிறவர்கள், மீன் அறுக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், துப்பாக்கி தூக்கிக் காவல் நிற்கிறவர்கள். கல் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் காயம் சீக்கிரம் மூடும் என்பது நம்பிக்கை. அதனால் மோதிரத்தின் அடிப்பக்கத்தை ஆசாரி திறந்துவிட்டுக் கட்டுவார். கல் நேரே தோலைத் தொட வேண்டும். பால் உறையவைக்கும் திராவகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

பிரசவ வலியில் தொடையில் கட்டக் கேட்டவர்களும் உண்டு. பெங்ஹுலு என்கிற மலாய் ஊர்த்தலைவர் ஒருவர் தன் பெயரை அரபு வடிவ ஜாவி எழுத்தில் செதுக்கி முத்திரை மோதிரம் செய்துகொண்டார். இந்தக் கல் பொடியாமல் நுணுக்கமாகச் செதுக்கு வாங்கும். அரக்கும் ஒட்டாது.

செர்காமில் ஒருமுறை லாரிக் கிளீனர் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. பாய் ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டு எடுத்து அவன் பிடரியில் வைத்தார். நின்றுவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். குளிர்ந்த எந்தக் கல்லை வைத்திருந்தாலும் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பேசுவது அவர் வேலை.

அவர் பேச்சு சறுக்கிய இடமும் உண்டு. பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் இந்தக் கல்லைப் போட்டு வெயிலில் வைத்தால், தண்ணீரில் தெரியும் சூரியன் ரத்தமாகச் சிவக்கும் என்பார். கோலா சுங்கை பாரு கடற்கரையில் மீனவர்கள் கூடிவிட்டார்கள். கல் போட்டாயிற்று. சூரியன் வெள்ளையாகவே இருந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தபடி நின்றோம்.

"பாய், சூரியனுக்கு இன்னும் சேதி போகல போல லா," என்றார் ஒருவர்.

"இது மழைக்காலம். இப்ப அது லீவுல இருக்கும்," என்றார் பாய்.

அங்கேயும் கல் விற்றது.

அஞ்சலைக்குச் செவ்வாய்

அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டம். கல்மலைத் தோட்டம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். துரை வைத்த பெயர் வேறு. அங்கே காத்தாயி அக்கா என்று ஒருவர். கணவர் காய்ச்சலில் போய்விட்டார். மகன் சுப்பையா மருந்தடிக்கிற வேலை. மகள் அஞ்சலை பால் வெட்டுகிறவள். இருபத்தைந்தைத் தாண்டிவிட்டவள். அவள் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். கட்டினவன் ஆயுள் குறையும் என்று சொல்லி வந்த வரன் எல்லாம் திரும்பிப் போயிருந்தன.

இந்தச் சமயத்தில் பெருமாள் வந்தார். செர்காமிலிருந்து மீன் ஏற்றிவரும் லாரிக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். தோட்டத்துக் கேட்டுக்கு மீன் கொடுக்க வருகிறவர், வேலிக்கு வெளியே நின்று அஞ்சலையிடம் பேசுவார். வேலிக்கு உள்ளே அவள். நடுவில் முள்கம்பி. நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"இன்னைக்குக் கெம்போங் மீன் நல்லா இருக்கு."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க."

"நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு."

இதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போவாள்.

பெருமாளை வளர்த்தவர் அவருடைய அக்கா ராக்கம்மா. பாயா ரும்புட்டில் அப்பம் சுட்டு விற்கிறவர். பெண் பார்க்க வந்தார், வெற்றிலை போட்டார், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு ஜாதகத்தைக் கேட்டார். பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்துவிட்டார்.

"பவளம் போடுங்க. செவ்வாய்க்குப் பவளம் போட்டாத்தான் நான் மேற்கொண்டு பேசுவேன்."

நல்ல பவளம் தோட்டத்துக் கைக்கு எட்டுகிற பொருள் இல்லை. காத்தாயி அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

பாய் இரத்தக்கல்லை எடுத்துக் காட்டினார். "பவளம் வெளியில சிவப்பு அக்கா. இது உள்ளுக்குள்ளேயே சிவப்பு. செவ்வாய் எங்க இருக்கணும்? உள்ள அடங்கித்தானே இருக்கணும்?"

காத்தாயி அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குமே நியாயமாகப் பட்டது.

இரண்டு கிரகம், ஒரு கல்

மாரியம்மன் கோயில் பண்டாரம்தான் குட்டையைக் குழப்பினார். பஞ்சாங்கம் பார்க்கிறவர். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பு செவ்வாய்க்கு. சரி. பச்ச யாருக்கு? புதனுக்கு. செவ்வாய்க்குப் புதன் பகை. ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறீங்களே, வெளங்குமா?"

"சாமி, எந்த வீட்டுலதான் ரெண்டு பகையாளி இல்ல?" என்றார் பாய். "உங்க வீட்டுலயே உங்க மாமியார் இருக்காங்கல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பண்டாரம் சிரிக்கவில்லை.

அஞ்சலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கல்லே இத்தன வருசமா வெடிக்காம இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் செய்தி மீன் லாரியிலேயே பாயா ரும்புட் போய்விட்டது. ராக்கம்மாவிடமிருந்து பெருமாள் பதில் கொண்டுவந்தார். கேட்டில் நின்று, மனப்பாடம் செய்த பிள்ளை போல ஒப்பித்தார். கல்லை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் தடவிய பச்சரிசியில் புதைத்து அம்மன் படத்துக்கு முன்னால், ஒரு வெள்ளியிலிருந்து மறு வெள்ளி வரை. அதுவரை அந்த வீட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழக் கூடாது. பிறகு கை படாமல், அரிசியோடு அப்படியே தன்னிடம் கொண்டுவர வேண்டும். அரிசியிலிருந்து ராக்கம்மாவே எடுப்பார். எடுத்தால் தேதி. தவறினால் பேச்சு முடிந்தது.

கல்லை வாங்குவதற்கு முன் வீட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் ஆட்களிடம் இருந்ததுதான். சிலர் தலையணைக்கு அடியில் வைத்துக் கனவு பார்ப்பார்கள். ரத்தத்தை வைத்துச் சோதிப்பது ராக்கம்மா சேர்த்துக்கொண்டது.

அட்டை குடித்தது கணக்கா?

அந்த வாரம் காத்தாயி அக்கா வீட்டைப் பார்க்க வேண்டும். அரிவாள்மனை கூரைக்கு ஏறிவிட்டது. கீரையைக் கையால் கிள்ளினார்கள், கத்தரிக்காயைப் பிய்த்துப் போட்டார்கள். சுப்பையா முகம் மழிக்காமல் திரிந்தான். காட்டிலிருந்து வந்தவன் என்று யாராவது சுட்டுவிடப் போகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். தேங்காய் துருவவில்லை. மீன் வாங்கவில்லை, முள் குத்துமாம். லாரிக்காரரைக் கட்டப்போகிற வீட்டில் ஒரு வாரம் வெறும் ரசம்.

ஆனால் அஞ்சலை தினமும் விடியலில் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. காத்தாயி அக்கா அவள் திரும்பி வரும்வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை அவள் கணுக்காலில் ரத்தத்தோடு வந்தாள். அட்டைக் கடி. மழைக்குப் பிறகு காட்டில் அட்டை இல்லாத இடம் ஏது? வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வந்து சொட்டு விழுந்தால் என்ன ஆவது?

நாங்கள் அப்போது அங்கேதான் இருந்தோம். பாய்தான் தீர்ப்பு சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்க கடிச்சுச்சு?"

"வேல எடத்துல."

"அப்ப அது தோட்டத்துக் கணக்கு. வீட்டுக் கணக்கு இல்ல."

"இப்பயும் வடியுதே பாய்!" என்றார் காத்தாயி அக்கா.

"அட்ட கடிச்சா வடியத்தான் செய்யும். புகையில வச்சு அழுத்து. நிக்கட்டும். நின்னப்புறம் உள்ள வா."

அஞ்சலை வெளியில் ஒரு கட்டையில் உட்கார்ந்து, காலில் புகையிலையை அழுத்திக்கொண்டு, மழை தூறத் தூறச் சாப்பிட்டாள். தட்டை வாசல்வழியாக நீட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"கல்யாணம் பண்றதுக்குள்ள என்னைச் சன்னியாசி ஆக்கிடுவீங்க போலிருக்கே," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டும் விழவில்லை. காத்தாயி அக்கா அரிசியைக் கல்லோடு சரித்துப் புகையிலை டப்பாவில் இறக்கினார். பாய் மோதிரத்துக்கு ஆசாரியிடம் பேச வேண்டியிருந்ததால் டவுனுக்குப் போகிற வழியில் பாயா ரும்புட்டில் கொடுப்பதாக ஏற்பாடு.

அது அரிசி என்று அந்த லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோற்று அரிசியை வேலி தாண்டிக் கொண்டுபோகிற பைத்தியக்காரன் அங்கே யாரும் கிடையாது. ஆனால் மஞ்சள் தடவி அம்மன் முன்னால் வைத்த பிறகு அது அட்சதை. சாமிப் பொருள். உலையில் போடுகிற பண்டம் இல்லை. மலாக்காவில் உள்ள எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கேட்டில் நின்ற கோப்பரலுக்கு அது பெராஸ்.

யார் கை?

பாய் முன்னால் வந்தார். சாப்பிடுகிற அரிசி இல்லை, கும்பிடுகிற அரிசி என்று மலாயில் நயமாகச் சொன்னார். கோப்பரல் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் விரலிலேயே தேன் நிற அகீக் கல் மோதிரம் இருந்தது.

"கும்பிட்ட அரிசியும் வேகும்," என்றார்.

பிறகுதான் கல்லைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "பத்து டாரா?" என்று கேட்டார். தொடப் போனார். வேலிக்குள் நின்ற காத்தாயி அக்கா போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

"தொடாதீங்க தொர! யாரும் தொடக் கூடாது!"

கோப்பரல் யோசித்தார். கல் போகலாம், அரிசி போகக் கூடாது என்றார். அரிசியை உள்ளே கொட்டிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். ஆபீசர் ஜீப் வருகிற நேரம். அவர் வந்து பார்த்தால் இந்தச் சைக்கிள்காரனைத் தன்னால் காப்பாற்ற முடியாது என்றார்.

அந்தச் சைக்கிள்காரன் நான்.

எளிதான தீர்ப்புதான். ஆனால் கல்லை எடுப்பது யார்? பாய் எடுத்தால் விற்பவன் கை. நான் எடுத்தால் அந்நியன் கை. காத்தாயி அக்கா எடுத்தால் ராக்கம்மாவின் சோதனையைப் பெண்வீட்டாரே கெடுத்தது ஆகும். டப்பா கோப்பரலின் கையில் இருந்தது. யாரும் அசையவில்லை. தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது.

வரிசையிலிருந்து அஞ்சலை வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பால் காய்ந்து கறுத்திருந்த விரல்களைப் பாவாடையில் ஒருமுறை துடைத்தாள். டப்பாவுக்குள் கையைவிட்டுக் கல்லை எடுத்தாள்.

"அடியே!" என்றார் காத்தாயி அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை கோப்பரலிடமிருந்து டப்பாவை வாங்கி அம்மாவிடம் நீட்டினாள். "இத உள்ள வச்சுட்டு வா. ஐசிய எடுத்துக்க. பஸ்ஸுக்குப் போகணும்."

"எங்க?"

"பாயா ரும்புட்டுக்கு. நானே போய்க் குடுக்கறேன்."

கல்யாணம் முடிவாகாத பெண் தானே மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவதா? காத்தாயி அக்கா பஸ் ஏறும் வரைக்கும், ஏறிய பிறகும், இறங்கும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் இருந்த சீனக் கிழவர் ஒருவர் பரிதாபப்பட்டு அவருக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அஞ்சலை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். உள்ளங்கையை மூடியே வைத்திருந்தாள். நாங்கள் இருவரும் சைக்கிளைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு அவர்களுடன் போனோம். போகாமல் இருக்க மனம் வரவில்லை.

ராக்கம்மா

ராக்கம்மா வீட்டு முன்கட்டில் அப்பச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலையைப் பார்த்ததும் கையில் இருந்த சட்டி அப்படியே நின்றது.

"பொண்ணு தானா வர்ற வழக்கம் எந்த ஊர்லடி இருக்கு?"

"எந்த ஊர்லயும் இல்லக்கா," என்றாள் அஞ்சலை. "கேட்டுல அரிசிய விடல. நான்தான் கல்லக் கையால எடுத்தேன். வேற யாரும் தொடல. புதன்கிழம அட்ட கடிச்சு ரத்தம் வந்துச்சு. வீட்டுக்குள்ள வரல, வெளிய உக்காந்துட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

பாய் எனக்குப் பக்கத்தில் மெதுவாக முனகினார். "அட்டைய ஏன்டா சொல்றா இவ?"

ராக்கம்மா கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். காத்தாயி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராக்கம்மா கையமர்த்தினார்.

"சரி. கையால எடுத்துட்ட. நான் சொன்னது நடக்கல. அப்புறம் எதுக்கு வந்த?"

"கல்லு எனக்கு வேணாம்னு சொல்ல வந்தேன்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாயும்தான்.

"ஒரு வாரமா பாக்கறேன். ரத்தம் சிந்தாம இருக்கத்தானே இந்தக் கல்லுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் வேலிக்குள்ள இருக்கறவ. ராத்திரி பகலா ரோட்டுல போறது அவர்தானே? சுடறாங்க, மரத்த வெட்டிப் போட்டு லாரிய மறிக்கறாங்கன்னு தெனம் கேக்கறோம். அவரு கையில போடுங்க. கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்கலன்னாலும் சரி."

உள்ளங்கையை விரித்தாள். அவ்வளவு தூரம் பிடித்து வந்ததில் கல் சூடாகியிருக்கும்.

ராக்கம்மா அதை எடுக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டுனாங்க," என்றார். "ஒரு தோஷம் கெடையாது. ஜோசியக்காரன் என் ஜாதகத்தக் கண்ணுல ஒத்திக்கிட்டான். ஜப்பான்காரன் எங்க வீட்டுக்காரர சயாமுக்கு ரயில் போடப் புடிச்சுக்கிட்டுப் போனான். அங்கயே போயிட்டாரு." மூக்கைச் சிந்தினார். "அதுல இருந்து இந்தப் பயல் லாரி எடுத்துட்டுக் கெளம்புனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சட்டியில அப்பம் கருகுது."

"எனக்கும்தான்க்கா," என்றாள் அஞ்சலை. "எனக்கு அப்பம் இல்ல, பால் சிந்திப் போகுது. கங்காணிகிட்ட திட்டு வாங்கறேன்."

ராக்கம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அவளைப் பார்ப்பது போல இருந்தது.

"உக்காருடி," என்றார். "நிக்கறாளே பெரிய இவளாட்டம்."

காத்தாயி அக்கா அழ ஆரம்பித்தார். பாய் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இந்தக் கல்லைப் பற்றித் தான் முன்பே சொன்னதாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை.

கல் வேலை செய்ததா என்று நீங்கள் சிலர் எனக்கு எழுதிக் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. பெருமாள் பல வருடம் லாரி ஓட்டினார். ஒருமுறை சுட்டதில் பக்கத்துக் கண்ணாடி நொறுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரத்தக்கல்லைப் போட்டுக்கொண்டு செத்துப்போன இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். பாய் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அன்று பெருமாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். விடியலில் மீன் இறக்கிவிட்டு வந்து படுத்தவர். ஆசாரிக்கு விரல் அளவு வேண்டுமே என்றார் பாய். ராக்கம்மா பூ கட்டும் நூலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குறட்டைச் சத்தம் ஒரு கணம் நின்றது. மறுபடி தொடங்கியது.

நூலை வளையமாக முடிந்து கொண்டுவந்து அஞ்சலையின் கையில் வைத்தார்.

அவள் அதைத் தன் மோதிர விரலில் போட்டுப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. நடுவிரலில் போட்டாள், அதிலும் நிற்கவில்லை. கடைசியில் கட்டைவிரலில் போட்டாள். அதிலும் தளர்வாகத்தான் இருந்தது. மற்ற விரல்களை மடக்கி அது நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் அப்பம் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் அதைக் கழற்றவில்லை.